உள்ளூரோடு நிறுத்திக்கொள்ள முடியாது
கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு உள்ளூர்ப் பையன்களே போதும் என்ற கட்டுரையாளரின் வாதத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 1979இல் பயிற்சியாளராக வந்த ஹோவர்ட் ஷ்னெல்லன்பெர்கர், தெற்கு ஃபுளோரிடாவை 'மயாமி மாநிலம்' என்றே அழைத்தார். வெளி மாநிலக் கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போன பையன்களை, அதிலும் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களை, வீடு வீடாகப் போய்ப் பேசி ஊரிலேயே தக்கவைத்தார். இது எனக்கு மிகவும் பிடிக்கும். மகன் ஆடுவதைப் பார்க்க அம்மா விமானம் ஏற வேண்டாமே! ஆனால் 1983 பருவத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியை 31-30 என வென்று மயாமி தேசியப் பட்டம் பெற்றபோது, பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் யார்? ஓஹாயோவிலிருந்து வந்த பெர்னி கோசார். அன்று எதிரணியில் பந்தை ஏந்தி ஓடிய மைக் ரோசியரும் நியூ ஜெர்சிக்காரர்தான்.