டோஃபு வண்டியும் காலி ரோடும்

இனிஷியல் டி பற்றி யார் எழுதினாலும் வேகத்தில் தொடங்கி டிரிஃப்டில், அதாவது டயரைச் சறுக்கவிட்டு வளைவில் திருப்பும் வித்தையில், முடிக்கிறார்கள். எனக்கென்னவோ அது வேலையையும் காசையும் பற்றிய தொடர் என்றுதான் எப்போதும் படுகிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

பார்க்காதவர்களுக்காக: ஷுய்ச்சி ஷிகேனோ 1995 முதல் 2013 வரை தொடராக வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, இது. மொத்தம் 48 தொகுதிகள். 1998-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் 26 அத்தியாயங்களாக அனிமே (அனிமேஷன் தொடர்) வந்தது. அதற்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்று பெயர். டோக்கியோவுக்கு வடமேற்கே இருக்கும் குன்மா மாகாணத்தில் கதை நடக்கிறது. தகுமி ஃபுஜிவாரா, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும் பையன். அப்பா புன்டா டோஃபு கடை வைத்திருக்கிறார். விடியற்காலையில் மலை மேல் ஏரிக்கரையில் இருக்கும் ஹோட்டலுக்கு டோஃபு கொண்டுபோய்க் கொடுப்பது தகுமியின் வேலை. வண்டி டொயோட்டா ஸ்ப்ரின்ட்டர் ட்ரூனோ, மாடல் குறியீடு ஏஇ86, ரசிகர்கள் வாயில் வெறும் 86. கதையில் மலைக்கு அகினா என்று பெயர். நிஜத்தில் அது ஹருனா மலை. பக்கத்து மலைகளான அகாகி, மியோகி, உசுயி எல்லாம் சொந்தப் பெயரிலேயே வருகின்றன.

சரி, இவன் முதல் பெரிய ரேஸுக்கு ஏன் போகிறான் தெரியுமா? ஊர்ப் பெருமை, மலையின் மானம் என்று மற்றவர்கள் எல்லாம் பதறிக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கு அதில் அக்கறையே இல்லை. கூடப் படிக்கும் நட்சுகியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்கு அன்றைக்குக் கார் வேண்டும். அப்பா போட்ட நிபந்தனை: அகாகியிலிருந்து வந்திருக்கும் அந்த மஞ்சள் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை ஜெயித்தால் காரும் தருவேன், டேங்கும் நிரப்பித் தருவேன். ஒரு டேங்க் பெட்ரோல்! உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேரை கார்ப் பைத்தியம் ஆக்கிய தொடரின் முதல் பந்தயப் பணம் அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மீண்டும் பார்த்தால் தொடர் முழுக்கக் காசு தெரியும். தகுமியும் அவன் நண்பன் இட்சுகியும் பெட்ரோல் பங்கில் பகுதி நேர வேலை பார்க்கிறார்கள். இட்சுகிக்கு எப்படியாவது ஒரு 86 வாங்கிவிட வேண்டும். சேர்த்து வைத்த காசை எல்லாம் போட்டு ஒன்றை வாங்கி வருகிறான். பார்த்தால் அது 85. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட அதேதான், உள்ளே இருப்பது மட்டும் சாதுவான 1.5 லிட்டர் எஞ்சின். பங்கில் இருக்கும் சீனியர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தப் பையனின் முகம் மாறுவதைப் பாருங்கள். தொடரின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று அது. அப்புறம் ஒரு ராத்திரி மலையில் நிஸான் சில்வியா கார் வைத்திருக்கும் இரண்டு பேர் அந்த 85ஐக் கிண்டல் செய்ய, தகுமி அதே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்து இறக்கத்தில் அவர்களை முந்துகிறானே, அதற்கு விசிலடிக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

எதிர்த் தரப்பு யார்? மஞ்சள் ஆர்எக்ஸ்-7 அகாகிக்காரன் கெய்ஸுகேயுடையது. வெள்ளை ஆர்எக்ஸ்-7 அண்ணன் ரியோஸுகேயுடையது. அண்ணன் மருத்துவ மாணவன், அப்பா ஆஸ்பத்திரி நடத்துகிறவர். மியோகி மலையின் ரேஸர் நகாஸாதோ ஓட்டுவது நிஸான் ஜிடி-ஆர். 2.6 லிட்டர், இரட்டை டர்போ, நாலு சக்கரமும் இழுக்கும். காகிதத்தில் 280 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்ச வரம்பு அது. 1989-லிருந்து 2004 வரை யாரும் அதற்கு மேல் அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் எதிரே நிற்பது கொரோலா குடும்பத்து வண்டி. 1983-ல் வந்தது, 1.6 லிட்டர், 130 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். டர்போ கிடையாது. கதவில் கடையின் பெயர். ஜப்பானில் பொருளாதாரக் குமிழி உடைந்து சில வருஷம் கழித்து எழுதிய கதை இது என்பதை மறந்துவிடக் கூடாது. குமிழிக் காலத்தில் பிறந்த ஆடம்பர ஸ்போர்ட்ஸ் கார்களை ஒரு கடைவண்டி மண் கவ்வ வைப்பதில் அன்றைய வாசகனுக்கு ஒரு தனி ருசி இருந்திருக்கும்.

ஜெயிப்பதற்குச் சொல்லப்படும் காரணம்தான் எனக்குப் பிடித்த பகுதி. புன்டா பையனுக்கு எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு கப்பில் தண்ணீர் ஊற்றி கப் ஹோல்டரில் வைத்துவிடுவார், சிந்தக் கூடாது. தண்ணீர் சிந்தினால் பின்னால் டோஃபு உடைந்திருக்கும் என்று அர்த்தம். ஏறும்போது சரக்கு இருக்கிறது, பொறுமையாகப் போக வேண்டும். இறங்கும்போது வண்டி காலி, பையனுக்குத் தூக்கம், சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும். ஐந்து வருஷம் தினமும் இதே வேலை. தண்ணீரைக் கப்பின் விளிம்பிலேயே சுழலவிட்டு இறங்கும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

இதில் கதை விடுவது கொஞ்சம்தான், மீதி நிஜமான இயற்பியல். டயருக்குத் தரையோடு இருக்கும் பிடி மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு அதிகம் கொடுத்துவிட்டால் வளைவில் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. பிரேக்கை வெடுக்கென்று மிதித்தால், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால், வண்டியின் கனம் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கத்து டயர் கைவிட்டுவிடும். தண்ணீர் சிந்தாமல் ஓட்டுகிறவன் கனத்தை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தப் பழகுகிறான். அதோடு இது இறக்கம். புவியீர்ப்பு எல்லோரையும் ஒரே மாதிரி இழுக்கும் இடத்தில் பெரிய எஞ்சினின் லாபம் குறைந்துவிடும். கனமான வண்டியை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் போட்டு நிறுத்த வேண்டியிருப்பதால், கீழே போகப்போக ஜிடி-ஆரின் முன் டயர்கள் களைத்துப் போகின்றன. நகாஸாதோ தோற்பது அப்படித்தான். உள்பக்க டயர்களை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் இறக்கி வளைவை அறுத்துப் போகும் வித்தை ஒன்று வரும், அதைப் பற்றி யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குச் சங்கடமாக இருப்பது வேறு. ஐந்து வருஷம் என்றால், பையனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோதே அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். ஜப்பானில் கார் லைசென்ஸ் பதினெட்டில்தான். தொடர் இதை ஒரு ஜோக்காகத் தாண்டிப் போகிறது. கடைவேலையில் பிள்ளைகளை இறக்கிவிடும் அப்பாக்களை நமக்கும் தெரியும், புன்டா அந்த ரகம். சிகரெட், அரைத் தூக்கம், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத வாய். பையன் பாராட்டுக்கு ஏங்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. 2005-ல் ஹாங்காங்கில் எடுத்த படத்தில் இந்த மனிதரைக் குடிகாரர் ஆக்கி வைத்தார்கள். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

நட்சுகி விஷயம். பென்ஸ் காரில் வரும் ஒரு நடுத்தர வயது ஆள் அவளுக்குப் பணம் கொடுத்துப் பழகுகிறான். அவனை அப்பா என்று கூப்பிடுகிறாள். தொண்ணூறுகளில் ஜப்பானில் பள்ளி மாணவிகளைப் பற்றி இந்த விவகாரம் பெரிய விவாதமாக ஓடிக்கொண்டிருந்தது, அதைத்தான் ஷிகேனோ எடுத்திருக்கிறார். எடுத்தவர் அவள் பக்கம் போய் உட்காரவே இல்லை. தகுமியின் மனசு உடைவதற்கு ஒரு காரணம் வேண்டும், அதற்கு அவள். பணம் கொடுக்கும் அந்த ஆள் பெரிதாக எந்தச் சங்கடமும் இல்லாமல் கதையிலிருந்து நழுவிவிடுகிறான். பெட்ரோல் பங்க் சம்பளத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த எழுத்து இங்கே கண்ணை மூடிக்கொண்டுவிட்டது.

1999 அக்டோபரில் தொடங்கிய செகண்ட் ஸ்டேஜில், நட்சுகி பற்றித் தெரிந்த கோபத்தில் அகாகிக்குப் போய் ஒரு மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் காரோடு போட்டியிடுகிறான் தகுமி. 86-ன் எஞ்சின் வெடித்துவிடுகிறது. ஐந்து வருஷ உழைப்புக்கு எட்டாத ஒரு எல்லை இருக்கிறது என்று கதை ஒத்துக்கொள்ளும் இடம் இது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அப்பா ஏற்கெனவே ஒரு ரேஸ் எஞ்சினை வாங்கி வைத்திருக்கிறார்! பதினோராயிரம் ஆர்பிஎம் வரை சுற்றக்கூடியது. டோஃபு விற்று அதை எப்படி வாங்கினார் என்று கேட்டால் ரசிகர் மன்றத்தில் அடிக்க வருவார்கள். அதன் பிறகு தகுமி ரியோஸுகேயின் அணியில் சேர்ந்துவிடுகிறான். மெக்கானிக்குகள், உதிரி டயர்கள், கூடவே வேன்கள், எல்லாம் பணக்கார அண்ணனின் ஏற்பாடு. ஓட்டம் இன்னும் அழகாக இருக்கிறது. கதையில் காசு பற்றிய பேச்சு மட்டும் நின்றுவிட்டது. எனக்குப் பாதி ஆர்வம் அங்கே போய்விட்டது.

இப்போது ரோடு. காசு விஷயத்தில் அவ்வளவு நேர்மையாகத் தொடங்கிய இந்தத் தொடர் ரோடு விஷயத்தில் கடைசிவரை பூசி மெழுகுகிறது. அது பொதுச் சாலை. ஹருனாவில் இந்த ரோடு இகாஹோ வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து மேலே ஏரிக்குப் போகிறது. வருகிறவர் போகிறவர் உண்டு. தொடரில் வளைவுக்கு வளைவு ஆள் நிறுத்தி, எதிரே வண்டி வருகிறதா என்று தகவல் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் இரண்டு லேனையும் அகலமாக எடுத்துக்கொண்டு பறக்கிறார்கள். எதிரே ஒரு காய்கறி லாரி வருவது அபூர்வம். ரேஸர்கள் விழுகிறார்கள், பங்க் சீனியர் இகேதானிக்கு அடிபடுகிறது, நகாஸாதோவின் அணிக்காரன் ஷிங்கோ வண்டியை நொறுக்கிக்கொள்கிறான். விளையாட்டில் சேராத ஆள் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. இதைப் பார்த்து ஓட்டாதீர்கள், விதிகளை மதியுங்கள் என்று ஒரு எச்சரிக்கை வரி போடுகிறார்கள். நம் சினிமாவில் சிகரெட்டுக்குக் கீழே வரும் வரி அளவுக்குத்தான் அதற்கும் மதிப்பு.

செகண்ட் ஸ்டேஜ் ஓடிக்கொண்டிருந்த அதே 1999 நவம்பரில், டோக்கியோவை நகோயாவோடு இணைக்கும் டோமெய் விரைவுச் சாலையில் குடித்துவிட்டு ஓட்டிய ஒரு லாரி டிரைவர் ஒரு குடும்பத்தின் காரில் மோதி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் இறந்தார்கள். அதற்கும் ரேஸுக்கும் சம்பந்தம் இல்லை. கிடைத்த தண்டனை நாலு வருஷம். பெற்றோர் கையெழுத்து வாங்கிப் போராடினார்கள், நாடே கொதித்தது. 2001-ல் ஆபத்தாக ஓட்டி உயிர் எடுப்பதைத் தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் குடிபோதையோடு நிற்கவில்லை, கட்டுக்கடங்காத வேகத்தையும் சேர்த்துக்கொண்டது. அகினா இறக்கத்தில் நடப்பதில் ஒரு உயிர் போயிருந்தால் அதன் கீழ்தான் வரும். ஹருனா ரோட்டிலும் டிரிஃப்ட் செய்கிறவர்களைத் தடுக்கக் குலுக்கும் பட்டைகள் போட்டார்கள். ராத்திரி டயர் அலறலுக்கு நடுவே தூங்க முயன்றவர்களைத் தொடரில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

தொடரின் ஓட்டும் நுட்பத்துக்கு ஆலோசகராக இருந்த கெய்ச்சி ட்சுச்சியாவே இந்த மலை ரோடுகளில் பழகியவர்தான். உசுயி கணவாயில் 86 ஓட்டிய ஒரு வீடியோ 1987-ல் வெளியாகி, லைசென்ஸைக் கொஞ்ச காலத்துக்கு முடக்கினார்கள். பின்னாளில் ஆள் வளர்ந்தது எல்லாம் சர்க்யூட்டில். 1999-ல் லே மான் 24 மணி நேரப் போட்டியில் டொயோட்டா அணியோடு இரண்டாவது இடம். 2001-ல் டிரிஃப்டையே முறையான போட்டியாக்கிய டி1 கிராண்ட் பிரீயைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இந்தத் தொடரின் பாட்டைப் போட்டு மலைப் பாதையில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் நம் தம்பிகளுக்கு, அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த மனிதரின் கதையையும் யாராவது சொல்லுங்கள்.

மலை ரோட்டை விட்டு முறையான போட்டிக்கு வருவதை ஷிகேனோவும் யோசித்திருக்க வேண்டும். 2017-ல் அவர் தொடங்கிய அடுத்த மாங்கா எம்எஃப் கோஸ்ட், அதே உலகத்தின் தொடர்ச்சி. அதில் மின்சாரக் கார்கள் வந்துவிட்ட ஜப்பானில் பெட்ரோல் கார்களுக்குப் பெரிய ரேஸ் நடக்கிறது. பொதுச் சாலைதான், ஆனால் மூடப்பட்ட சாலை, அதிகாரபூர்வப் போட்டி. தகுமி? இங்கிலாந்து போய் ராலி ஓட்டி ஜெயித்து, சோதனை ஓட்டத்தில் விபத்தாகி, இப்போது ரேஸ் பள்ளியில் வாத்தியார். அவனுடைய மாணவன்தான் புதுக் கதாநாயகன். காலி ரோட்டின் நாயகனுக்கு ஒரு விபத்தையும் ஒரு வாத்தியார் வேலையையும் கொடுத்ததில் எனக்கு ஒரு திருப்தி.

அந்த டோஃபு கடைக்கு மாதிரியாக இருந்த, குன்மாவின் ஷிபுகாவா ஊர்க் கடை இன்று இல்லை. கடை முகப்பைப் பெயர்த்து இகாஹோவில் ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். டொயோட்டா 2012-ல் 86 என்ற பெயரிலேயே புதுக் கார் விட்டது. பழைய ஏஇ86-க்குச் சில உதிரி பாகங்களை மறுபடி தயாரிக்கிறது. 2023 தொடக்கத்தில் டோக்கியோ ஆட்டோ சலோனில் ஹைட்ரஜனில் ஓடும் 86 ஒன்றும் மின்சாரத்தில் ஓடும் 86 ஒன்றும் காட்டியது. எல்லாம் சந்தோஷம்தான். செகண்ட் ஹாண்ட் ஏஇ86 விலைதான் எங்கேயோ போய்விட்டது. பங்கில் பகுதி நேரம் வேலை பார்க்கும் இட்சுகி இன்று ஆசைப்பட்டால் 85கூடக் கிடைக்காது.

பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் முழுக்கப் பாருங்கள். கம்ப்யூட்டரில் செய்த கார்கள் 1998-ன் தரத்தில் பொம்மை மாதிரி இருக்கும், இரண்டு அத்தியாயத்தில் பழகிவிடும். செகண்ட் ஸ்டேஜில் எஞ்சின் வெடிக்கும் வரை பார்த்தால் போதும். வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள், நட்சுகி வரும் இடங்களில் ரிமோட்டைத் தேடாமல் பேசுங்கள். புன்டா நல்ல அப்பாவா இல்லையா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கத்தைக் கமெண்டில் சொல்லுங்கள்.