கன்னங்கரா பற்றிச் சுற்றும் அந்தத் தகவல் பிழை

"சுதந்திர இலங்கையின் முதல் கல்வி அமைச்சர் கன்னங்கரா, 1948இல் இலவசக் கல்வியைத் தந்தார்" என்றொரு படம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஆள் சரி, காலம்தான் பிழை.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சரானது 1931இல், வெள்ளையர் ஆட்சியின்போதே. காலிமுகத்திடலருகே இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கும் கட்டடத்தில்தான் அப்போதைய சட்டமன்றமான அரசாங்க சபை கூடியது. அவர் தலைமை தாங்கிய, கல்வி பற்றிய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. கட்டணமில்லாக் கல்வி 1945 ஒக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் பலர் நம்பமாட்டார்கள்: 1947 பொதுத் தேர்தலில் மத்துகமையில் அவர் தோற்றுப்போனார். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லையே! அதனால் சுதந்திரத்தின்போது கல்வி அமைச்சராக இருந்தவர் ஈ.ஏ. நுகவெல. கன்னங்கரா 1952இல் பாராளுமன்றம் வந்தார். கிடைத்ததோ உள்ளூராட்சி அமைச்சு.

சந்தேகமென்றால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க சபை உரைகளின் பதிவான ஹன்சாட்டைப் பார்க்கலாம். பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து வினாவிடைப் போட்டிக்குப் பாடமாக்குகிறார்கள். தயவுசெய்து இனி அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.