கனூவும் ஒருநாள் தோளில் ஏறும்

இடம்: ஸ்காபரோவில் ஒரு வீட்டுக் கராஜ். காலம்: ஓகஸ்ட் மாதம், வியாழக்கிழமை இரவு.

சிவம் அத்தான்: வயது 54. கனடாவின் ஏரிகளில் முழங்கால் வரைக்கும் இறங்கிப் படம் எடுத்த அனுபவம் உள்ளவர்.
குகன்: அவருடைய மனைவியின் தம்பி. கோடை வந்தால் கனூ என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்ட அல்கொங்குவின் பூங்காவுக்குத் துடுப்பும் கையுமாகக் கிளம்புகிறவன்.

(விடிந்தால் இருவரும் மூன்று மணி நேரம் கார் ஓடி அல்கொங்குவின் போகவேண்டும். கராஜில் கார் நிற்கவேண்டிய இடத்தில் சாமான் நிற்கிறது.)

அத்தான்: வா தம்பி. எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். காரில் ஏற்றுவதுதான் பாக்கி.

குகன்: இதில் எது எங்களுடையது, எது வீடு மாறுகிறவர்களுடையது?

அத்தான்: எல்லாம் எங்களுடையதுதான். இரண்டு இரவு தங்கப் போகிறோம். மழை வந்தால்? பசி வந்தால்? விருந்தாளி வந்தால்?

குகன்: பிக் போர்க்குபைன் ஏரிக்கு எந்த விருந்தாளி வரப்போகிறார்?

அத்தான்: நீதானே கரடி வரும் என்றாய்.

குகன்: அத்தான், இவ்வளவையும் யார் தூக்குவது?

அத்தான்: இதென்ன கேள்வி! கனூ தூக்கும். தண்ணீரில் மிதக்கிற சாமானுக்குப் பாரம் ஏது? குகன் என்று உனக்குப் பேர் வைத்ததே ஓடம் ஓட்டத்தான். அந்தக் குகன் இராமரை ஏற்றும்போது சாமானை நிறுத்துப் பார்த்தானா?

குகன்: இராமர் மரவுரியோடு வந்தார். மூன்று பேர், கையில் வில். தேங்காய் துருவுகிற திருவலையும் எட்டுப் பேர் கூடாரமும் கொண்டு வந்திருந்தால் அவனும் நிறுத்துத்தான் பார்த்திருப்பான்.

அத்தான்: சரி, இப்போது என்ன பிரச்சினை?

குகன்: தண்ணீரில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்மோக் ஏரியில் தள்ளினால் ஒரு மணி நேரம் சுகமாகப் போகலாம். அதன் தென்கோடியில் மரத்தில் ஒரு மஞ்சள் பலகை இருக்கும். 240 மீட்டர் என்று எழுதியிருக்கும். அங்கே ஏரி முடிந்து காடு தொடங்குது. இறங்கி, சாமானைச் சுமந்து, கனூவையும் சுமந்து, அந்தப் பக்கம் ராகிட் ஏரியில் போய் மறுபடி இறக்கவேண்டும். அதுதான் போர்ட்டேஜ்.

அத்தான்: கனூவையுமா?

குகன்: கனூவையும்.

அத்தான்: ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்...

குகன்: அந்தப் பாதையில் வண்டி வராது. தோளில்தான் ஏறும்.

அத்தான்: சின்னதாக இரண்டு சில்லுப் பூட்டினால்?

குகன்: கல்லும் வேரும் ஏற்றமுமான பாதை. சில்லையும் சேர்த்துச் சுமக்கவேண்டி வரும். அதற்காகத்தான் வாடகைக் காசு கூடினாலும் பரவாயில்லை என்று கெவ்லார் என்கிற இலேசான நாரில் செய்த கனூ எடுத்திருக்கிறேன். 19, 20 கிலோவுக்குள் நிற்கும். அலுமினியம் என்றால் 30ஐத் தாண்டிவிடும். நடுவில் கழுத்துக்கு அளவாகக் குடைந்த ஒரு குறுக்குக் கட்டை, நுகம் மாதிரி. கனூவைக் கவிழ்த்து, அந்தக் கட்டையைத் தோளில் வைத்து...

அத்தான்: நுகமா? அப்ப நான் மாடா?

குகன்: நீங்கள் இல்லை, நான். நீங்கள் பையை மட்டும் தூக்குங்கோ.

அத்தான்: 240 மீட்டர்தானே. நம்முடைய தமிழ்க் கடையில் கார் நிறுத்திவிட்டு நடக்கிற தூரம்.

குகன்: அது முதலாவது. ராகிட்டில் இருந்து பிக் போர்க்குபைனுக்கு 590 மீட்டர். அந்தப் பாதைக்குப் பேர் 'பிசாசின் படிக்கட்டு'.

அத்தான்: (சற்று அமைதிக்குப் பின்) இதை நீ அக்காவிடம் சொன்னாயா?

குகன்: சொன்னேன். உங்களுக்கு நல்லது என்றா.

அத்தான்: சரி, ஒரு தடவையில் முடியாவிட்டால் இரண்டு நடையாகக் கொண்டுபோவோம். 590 இரண்டு தடவை. 1180.

குகன்: மூன்று தடவை. 1770.

அத்தான்: கணக்கு வாத்தியாரின் மகனுக்குக் கணக்குச் சொல்லித்தராதே. இரண்டு நடை என்றால் இரண்டு தடவை.

குகன்: முதல் நடை போய், இரண்டாவது பாரத்தை எடுக்க வெறுங்கையோடு திரும்பி வரவேண்டாமா? இந்தக் கராஜில் இருப்பதற்கு மூன்று நடை வேண்டும். மூன்று நடை என்றால் ஐந்து தடவை. 2950 மீட்டர். சும்மா இரண்டு ஏரிக்கு நடுவில்.

(அத்தான் வாய்க்குள் கணக்குப் போடுகிறார். விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. குகன் குளியலறைத் தராசை எடுத்துவந்து தரையில் வைக்கிறான்.)

அத்தான்: அது அக்காவின் தராசு. அது உண்மை சொல்லாது.

குகன்: சாமானுக்குச் சொல்லும். முதலில் கூடாரம். எட்டுப் பேர் கூடாரம், 11 கிலோ. இது காருக்குப் பக்கத்தில் அடிக்கிறதுக்கு நல்லது. என்னிடம் இருக்கிறது இரண்டு பேர் கூடாரம், கம்பி, ஆணி எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ வராது.

அத்தான்: அதில் இரண்டு பேர் படுக்கலாமா?

குகன்: கடைக்காரர் கணக்கில் இரண்டு பேர். அவர் அளந்தது குறட்டை விடாத, புரண்டு படுக்காத இரண்டு பேரை. சமாளிப்போம்.

அத்தான்: தண்ணீர்ப் போத்தல் 24. அதை மட்டும் தொடாதே.

குகன்: 12 கிலோ. ஏரிக்குப் போகிறவர் தண்ணீர் சுமக்கிறார்! வடிகட்டிப் பை இருக்கிறது. ஏரித் தண்ணீரை அள்ளி மரத்தில் தொங்கவிட்டால் அதன் பாட்டில் கீழே வடிந்து வரும். அதோடு, உள்ளுக்குள் இருக்கிற முகாம்களுக்குத் தகரப் பேணியும் ஒருமுறை பாவித்து எறிகிற போத்தலும் கொண்டுபோகவே கூடாது. பூங்காச் சட்டம்.

அத்தான்: பேணியுமா? அப்ப என்னுடைய டின் மீன் ஆறும்?

குகன்: ஆறும் இங்கேதான்.

அத்தான்: (தலையில் கை வைத்து) பரவாயில்லை. கருவாடு இருக்கிறது. அது பேணியில் இல்லை.

குகன்: கருவாடா! அத்தான், கரடிக்கு மோப்பம் எங்களைவிடப் பலமடங்கு கூட. பற்பசையைக்கூடக் கூடாரத்துக்குள் வைத்துப் படுக்கக்கூடாது. சாப்பாடு எல்லாம் அந்த நீலப் பீப்பாயில் போட்டு, மூடி இறுக்கி, இரவில் கூடாரத்துக்குத் தூரத்தில், மரக்கிளையில் உயரக் கட்டவேண்டும். நீங்கள் கருவாடு பொரித்தால், விருந்தாளி வரும் என்று சொன்னீர்களே, அது வரும்.

அத்தான்: பிறகு எதைத்தான் சாப்பிடுவது? நீ அந்தச் சுடுதண்ணீர் ஊற்றுகிற காய்ந்த பொதிச் சோறு கொண்டுவருவாய். அதை நான் சாப்பிடமாட்டேன். புட்டு அவிக்கவேண்டும். அதற்குத்தான் தேங்காயும் திருவலையும்.

குகன்: (திருவலையைத் தராசில் வைத்து) மூன்று கிலோ முன்னூறு. இரண்டு தேங்காய், ஒரு கிலோவுக்கு மேலே. அத்தான், ஒரு பிடி தேங்காய்ப்பூவுக்காக நாலரைக் கிலோவைப் பிசாசின் படிக்கட்டில் ஏற்றப் போகிறீர்கள். உலர்ந்த தேங்காய்ப்பூ 100 கிராம் வாங்குங்கோ. கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்தால் பொங்கிவரும்.

அத்தான்: எதில் அவிப்பது? ஸ்டீமரையும் எடுத்து வெளியில் வைத்துவிட்டாயே.

குகன்: அது இரும்புக் குண்டு. வேண்டாம்.

(அத்தான் உள்ளே போய், பழைய துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து தராசில் வைக்கிறார். தராசின் எண்ணில் அசைவே இல்லை. எடுத்து மறுபடி வைக்கிறார்.)

குகன்: தராசு வேலை செய்யவில்லையா?

அத்தான்: தராசு வேலை செய்யுது. இது நீத்துப்பெட்டி. பனையோலையில் இழைத்தது. உன்னுடைய கெவ்லாருக்குத் தாத்தா. எந்தப் பானைக்கும் மேலே வைக்கலாம், ஆவி கசியாமல் துணியால் சுற்றினால் போதும், நனைந்தாலும் காயும். விழுந்தாலும் நெளியாது.

(இந்த இடத்தில் குகனிடம் பதில் இல்லை. கடையில் இப்படி ஒன்றை 'அல்ட்ராலைட்' என்று பேரெழுதி வைத்திருந்தால் அவன் காசைப் பார்க்காமல் வாங்கியிருப்பான்.)

குகன்: சரி, நீத்துப்பெட்டி வருது. பானை என்னுடையது.

அத்தான்: அந்தத் தைத்தானியப் பானையா? 120 கிராம் என்று பீற்றினாயே. அக்காவுக்குத் தாலிக்கொடி செய்தபோதுகூட நாங்கள் இப்படிக் கிராம் பார்க்கவில்லை.

குகன்: இல்லை, அது தேநீருக்கு மட்டும்தான். தண்ணீர் கொதிக்கவைக்க அருமையான சாமான். ஆனால் மெல்லிய உலோகம், சூடு ஒரே இடத்தில் நிற்கும். சோறு வைத்தால் நடுவில் கருகும், ஓரத்தில் அரிசியாகவே இருக்கும். புட்டுக்கும் சோற்றுக்கும் அலுமினியப் பானைதான். கொஞ்சம் பாரம், ஆனால் சாப்பிடலாம்.

அத்தான்: அப்படியென்றால் பாரம் குறைந்ததெல்லாம் நல்லது இல்லை என்கிறாய்.

குகன்: ஓம். எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக்கூடாது என்று தெரியவேண்டும்.

(இதற்குப் பிறகு அத்தானுக்குக் குறைக்கும் பைத்தியம் பிடிக்கிறது. எதைக் கண்டாலும் தராசில் வைக்கிறார். கம்பளி இரண்டு, இரும்புச் சட்டி, கோடரி, தோல் சப்பாத்து எல்லாம் சுவரோரம் போகின்றன. கோடரிக்குப் பதில் மடக்கு வாள் ஒன்றே போதும் என்று குகன் சொல்லும் முன்பே அது போய்விட்டது.)

அத்தான்: பற்தூரிகையின் பிடியை வெட்டிவிட்டேன். ஆறு கிராம் மிச்சம்.

குகன்: உங்கள் இடுப்பில் இருக்கிற அந்தச் சாவிக்கொத்து?

அத்தான்: அது கடைச் சாவி, வீட்டுச் சாவி, பழைய வீட்டுச் சாவி. இருக்கட்டும். இந்தா, இந்த உயிர்காப்பு அங்கி இரண்டும் வேண்டாம். எனக்கு நீந்தத் தெரியும். வல்வெட்டித்துறைக் கடலில் நீந்தினவன்.

குகன்: அதைத் தொடாதீர்கள். ஆளுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்பது சட்டம். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில், தண்ணீர் இறைக்கிற பாத்திரம், இதுவும் சட்டம்தான். அங்கி கனூவில் கிடந்து பயனில்லை, உடம்பில் இருக்கவேண்டும். அந்தப் பக்கத்து ஏரிகள் வல்வெட்டித்துறை மாதிரி இல்லை, தண்ணீர் குளிர்ந்தால் கை கால் விறைத்துவிடும்.

அத்தான்: சரி, சரி. இந்த ஜீன்ஸ்?

குகன்: அதை விடுங்கோ. பருத்தி நனைந்தால் இரண்டு மடங்கு பாரம், நாள் முழுக்கக் காயாது, இருக்கிற சூட்டையும் இழுக்கும். நைலோன் காற்சட்டை போடுங்கோ.

அத்தான்: சாரமும் பருத்திதான்.

குகன்: (யோசித்து) சாரத்தை விடமுடியாது. போர்வை, துவாய், உடை மாற்றுகிற அறை எல்லாம் அதுதான். கூடாரத்துக்குள் மட்டும் கட்டுங்கோ.

அத்தான்: படுக்கிற பை ஒன்று வாங்கினேன். வாத்து இறகு. கையில் எடுத்தால் பஞ்சுதான். கடையில் பெடியன் சொன்னான், இதைவிட இலேசு இல்லை என்று.

குகன்: அவன் சொன்னது சரிதான். ஆனால் இறகு நனைந்தால் கட்டிபட்டுப் போகும், பிறகு சூடே தராது. செயற்கைப் பஞ்சு என்றால் நனைந்தாலும் கொஞ்சம் தாங்கும். மலை ஏறுகிறவனுக்கு இறகு சரி. கனூக்காரன் தண்ணீருக்கு மேலேயே இருக்கிறவன்.

அத்தான்: அப்ப காசு போச்சா?

குகன்: போகாது. இப்படித் தாருங்கோ. (ஒரு மஞ்சள் தண்ணீர் புகாப் பையை எடுக்கிறான். படுக்கைப் பையை உள்ளே திணித்து, முழங்காலால் அமர்த்தி, காற்று 'புஸ்' என்று போகும்வரை நசுக்குகிறான். பையின் வாயை ஒட்டிப் பிடித்து மூன்று தரம் இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையையும் வளைத்துக் கொளுவுகிறான்.) இப்போது ஏரியில் எறிந்தாலும் மிதக்கும். மூன்று சுருட்டு, அத்தான். ஒரு சுருட்டில் விட்டீர்கள் என்றால் இரவு ஈர வாத்தோடு படுக்கவேண்டியதுதான்.

அத்தான்: இதெல்லாம் சரி. இந்த வாளி, செருப்பு, டோர்ச், குடை எல்லாவற்றையும் கையில் பிடிக்கிறேன். பையில் போட்டால்தானே பாரம்.

குகன்: போர்ட்டேஜில் ஆளைக் கொல்வதே இந்தக் கையில் பிடிக்கிற சில்லறைச் சாமான்தான்! பைக்குள் போகாத ஒன்றும் வரக்கூடாது. துடுப்பு இரண்டையும் கனூவுக்குள் செருகிக் கட்டுவேன். உங்களுக்கு முதுகில் ஒரு பை, கை இரண்டும் சும்மா இருக்கவேண்டும்.

அத்தான்: சும்மா இருக்கிற கையால் என்ன செய்வது?

குகன்: நுளம்பு அடியுங்கோ.

(கடைசியில் அத்தானின் பை 14 கிலோவில் நிற்கிறது. அவர் அதைத் தூக்கிப் பார்த்து, கராஜுக்குள் இரண்டு சுற்று நடந்து, திருப்தியோடு இறக்கிவைக்கிறார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போடுகிறார்.)

அத்தான்: இப்போது உன்னுடைய பை.

குகன்: என்னுடையது நேற்றே கட்டிவிட்டேன். வேண்டாம்.

அத்தான்: தராசு எல்லோருக்கும் பொது. (தூக்கி வைக்கிறார்.) 21! நீ கனூவும் தூக்குகிறாய், 21 கிலோவும் தூக்குகிறாய். எப்படி?

குகன்: அது... நான் இரண்டு நடை போவேன்.

அத்தான்: மூன்று தடவை. 1770 மீட்டர். திற பார்ப்போம்.

(ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ட்ரோன். அதற்கு மூன்று பற்றரி. பாட்டுப்பெட்டி. கோப்பிக் கொட்டை அரைக்கிற கைமில். கடைசியில், மடித்த ஒரு கதிரை.)

அத்தான்: இது என்ன?

குகன்: கதிரை. வெறும் 900 கிராம்தான், அத்தான். விசேடமான அலுமினியக் குழாய்...

அத்தான்: என்னுடைய திருவலையிலும் இருக்கலாம். அதில் தேங்காயும் திருவலாம். உன்னுடைய கதிரையில் என்ன திருவலாம்?

குகன்: இதை மட்டும் விட்டுவிடுங்கோ. மற்ற எல்லாவற்றையும் எடுக்கிறேன்.

அத்தான்: ட்ரோன்?

குகன்: அங்கே பறக்கவிடவும் கூடாதுதான். எடுக்கிறேன்.

அத்தான்: கோப்பி மில்?

குகன்: நெஸ்கபே குடிக்கிறேன்.

அத்தான்: நல்ல பிள்ளை. கதிரை வரட்டும். ஆனால் ஒன்று. இரண்டு பேருக்கு ஒரு கதிரை என்றால் யார் இருக்கிறது?

குகன்: முறை வைத்து இருப்போம்.

அத்தான்: முறையாவது! மூத்தவன் நான்.

குகன்: கதிரை என்னுடையது. சுமக்கிறவனும் நான்.

அத்தான்: அதைத்தான் நானும் சொல்கிறேன். நீ பிசாசின் படிக்கட்டில் கனூவோடு போய்விட்டு, பைக்காகத் திரும்பி வந்து, மறுபடி போகிறாய். அவ்வளவு நேரமும் அந்தக் கதிரை சும்மாதானே கிடக்கும்.