முந்தின ராத்திரிப் படிப்பு

தேர்வுக்கு முந்தின நாள் மொத்தமாக உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே மனதில் நிற்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இது புதுசும் இல்லை. 1885-லேயே ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்தார் மனிதர்! ஒரே நாளில் 68 தடவை படித்துக் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது.

ஆனால் பிள்ளைகள் இதை நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. ராத்திரி கண்விழித்துப் படித்தது மறுநாள் காலையில் கைகொடுக்கத்தான் செய்கிறது. மறப்பது அப்புறம்தானே, அதற்கு யார் மார்க்கைக் குறைக்கிறார்கள்?

பத்தாவது படிக்கும் என் மகளை, மனப்பாடச் செய்யுளை முதல் நாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொல்கிறேன். இரண்டாம் தடவை பாதி வரியில் முழிப்பாள். "எனக்கு வரவே மாட்டேங்குதுப்பா" என்பாள். அப்படித் தடுமாறி நினைவுபடுத்துவதுதான் பதியவைக்கிறது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புத்தகத்தைத் திறந்துவைத்து நாலு தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு குறை: பள்ளியில் என்ன செய்யலாம் என்று கட்டுரை தொடவே இல்லை. வாரத் தேர்வில் போன மாதப் பாடத்திலிருந்தும் இரண்டு கேள்வி சேர்க்கலாமே, அதற்குத் தனியாக நேரம்கூட வேண்டாம்.