குழந்தைக்குச் செய்கிற கித்தாருக்கு ஃப்ரெட் போடுங்கள்

சுருட்டுப் பெட்டியில் கித்தார் செய்யலாமா என்று யார் கேட்டாலும், செய்து பார்த்தவர்கள் சொல்லும் முதல் யோசனை ஒன்றுதான். முதல் கித்தாருக்கு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கிற உலோகக் கம்பிகள்) வேண்டாம், கழுத்துப் பலகையை வழவழவென்று தேய்த்து மூன்று கம்பியைக் கட்டிவிடு, சுலபம். நானும் நாலைந்து பேருக்கு இதையே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் கதவு, ஜன்னல் செய்கிற தச்சுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாங்கள் வளர்ந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இப்போது இல்லை, அந்த இடம் முழுக்கச் செம்பனை. லயத்தில் பிள்ளைகள் மைலோ டின்னில் சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டி இழுத்து 'டொய்ங்' என்று தட்டிக்கொண்டு திரிவோம். எனக்குத் தெரிந்த முதல் தந்தி வாத்தியம் அதுதான். பிறகு பல வருடம் கழித்து, அமெரிக்காவில் ஏழைகள் சுருட்டுப் பெட்டியில் வாத்தியம் செய்த கதையைப் படித்தபோது அந்நியமாகவே தோன்றவில்லை. அங்கே உள்நாட்டுப் போரில் சிப்பாய் ஒருவர் முகாமில் உட்கார்ந்து சுருட்டுப் பெட்டி பிடில் வாசிப்பதை எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். 1876இல் வெளியான படம். பெட்டி, கட்டை, கம்பி. கையில் இருப்பதை வைத்துச் செய்வது.

கோலாலம்பூரில் ஹோட்டல் வேலை செய்கிற நண்பர் காலிச் சுருட்டுப் பெட்டிகளைச் சேர்த்துக் கொடுப்பார். உள்ளே இன்னும் அந்த மரவாசனை இருக்கும். கழுத்துக்குப் பட்டறையில் மிஞ்சும் மெராந்தி மரத் துண்டு. கம்பி, சாதாரண கித்தார் செட்டில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. ஐந்தாவதை மட்டும் ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கினால் ஜி, டி, ஜி என்று வந்துவிடும். நம் கணக்கில் ச, ப, மேல் ச. தம்பூராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடித்துப்போகிற சுருதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் அக்கா மகனுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான், பாட்டில் ஆசை உள்ள பையன். ஃப்ரெட் இல்லாத கித்தார்தான். பெட்டியை மெழுகு போட்டுத் துடைத்து, அவன் பெயரின் முதல் எழுத்தைக் கழுத்தில் செதுக்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் விடாமல் கையில் வைத்திருந்தான். அப்புறம் அது ஆணியில் தொங்கியது. தீபாவளிக்குப் போனபோது ஏன்டா என்று கேட்டேன். "மாமா, நேத்து நல்லா வந்த எடம் இன்னிக்கு எங்க இருக்குன்னே தெரியல" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. ஃப்ரெட் இல்லாத கித்தார் சுலபம் என்று நாம் சொல்கிறோமே, யாருக்குச் சுலபம்? செய்கிறவனுக்கு. பதினெட்டு பிளவு அளந்து வெட்டி, கம்பி அடித்து, முனை ராவி, மட்டம் பார்க்கிற வேலை எனக்கு மிச்சம். நான் செய்யாமல் விட்ட அந்த வேலை முழுவதையும் பதினொரு வயசுப் பையனின் காதின் மேல் ஏற்றி வைத்துவிட்டேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் அவனே தினமும் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து 'கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே' என்று சொல்ல ஒரு குருவும் இல்லை. அவன் விட்டதில் என்ன ஆச்சரியம்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: நம் சங்கீதம் கமகத்தில் இருக்கிறது, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறது, ஃப்ரெட் அதை வெட்டிவிடும், அதனால் தமிழ்க் காதுக்கு ஃப்ரெட் இல்லாததுதான் சரி. கேட்க அழகாக இருக்கிறது. நானும் நம்பினேன். ஆனால் வீணையைப் பாருங்கள். அதில் 24 மெட்டுகள், மெழுகில் அசையாமல் பதித்து வைத்தவை. ஃப்ரெட் என்பது அந்த மெட்டுத்தான். கமகத்துக்கு வீணையை மிஞ்ச எது இருக்கிறது? மெட்டின் மேல் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை ஏற்றுகிறார்கள். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் ஃப்ரெட் போட்ட மின் மாண்டலினில் வாசித்தது முழுக்கக் கர்நாடக சங்கீதம். ஆக, ஃப்ரெட் கமகத்தைத் தடுக்கும் என்பது என் சோம்பலுக்கு நான் தேடிக்கொண்ட காரணம்.

மூன்று கம்பிதானே, கழுத்து 38 மி.மீ. அகலம் இருந்தால் இழுக்க இடம் தாராளம். நடுக்கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்து ஒரு ஸ்வரம் மேலே இழுத்துப் பாருங்கள். நாகஸ்வரம் மாதிரி ஒரு குழைவு வரும்.

ஃப்ரெட் இல்லாததற்கு உண்மையான பெருமை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அளவில் காட்டுகிறேன். நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் கட்டை) பிரிட்ஜ் (பெட்டியின் மேல் கம்பியைத் தாங்கும் கட்டை) வரை 600 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம் சுத்தமாக நிற்கும் இடம் நட்டிலிருந்து சரியாக 200 மி.மீ. ஏழாவது ஃப்ரெட் விழுவது 199.5இல். மத்யமம் 150, ஐந்தாவது ஃப்ரெட் 150.5. அரை மி.மீ. யாருக்கும் கேட்காது. ஆனால் அந்தர காந்தாரத்துக்கு வாருங்கள். சுருதியோடு இழைந்து நிற்கும் காந்தாரம் 120 மி.மீ.யில் இருக்கிறது. நான்காவது ஃப்ரெட் 123.8இல். கிட்டத்தட்ட 4 மி.மீ. தள்ளி, ஸ்வரம் கூர்ந்து ஒலிக்கும். பன்னிரண்டு சம பங்காக வெட்டுகிற கித்தார் கணக்குக்கு நாம் கொடுக்கும் விலை அது. ச-ப-ச மூன்றையும் மீட்டிவிட்டு, விரலில் மாட்டிக் கம்பி மேல் வழுக்கி நகர்த்துகிற உருளையை 120இல் வைத்துப் பாருங்கள், பெட்டியே விம்மும். சித்திரவீணைக்காரர்கள் மெட்டே இல்லாத வாத்தியத்தில் கட்டையை நகர்த்தி வாசிப்பதன் சுகம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தச் சுகத்துக்காக என்னிடம் ஒரு ஃப்ரெட் இல்லாத கித்தார் இருக்கிறது. ஏர்கான் வேலையில் மிஞ்சிய முக்கால் அங்குலச் செப்புக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரம் ராவி, சுண்டு விரலில் மாட்டிக்கொள்வேன். விரலால் நேராக மரத்தில் அமுக்கினால் ஒலி உடனே செத்துவிடும், அதனால் உருளை அவசியம். கம்பி மரத்திலிருந்து 5 மி.மீ.யாவது உயர்ந்து நிற்க வேண்டும். கழுத்தில் கோடு போட்டிருந்தால் உருளை கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஃப்ரெட் கித்தாரில் விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால்தானே வைப்போம்? அந்தப் பழக்கத்தில் உருளையையும் பின்னால் வைத்தால் எல்லாமே இறங்கி ஒலிக்கும். ராத்திரி வேலை முடிந்து வாசலில் உட்கார்ந்து தனியாக வாசிக்க இதைப்போல் வேறில்லை. ஆனால் நாற்பது வருடம் கோயில் பஜனையும் தேவாரமும் கேட்ட காது அது. அந்தக் காதைப் பையனிடம் எதிர்பார்த்தது என் தவறு.

இன்னொன்று. ஃப்ரெட் போட்ட கித்தாரை எப்போது வேண்டுமானாலும் உருளைக் கித்தாராக மாற்றலாம். நட்டுக்கு அடியில் சின்னக் கட்டை ஒன்று செருகிக் கம்பியை உயர்த்தினால் போதும், கீழே இருக்கிற ஃப்ரெட்டே கோடு. மறுபக்கம் போக அப்படி வழி கிடையாது.

ஃப்ரெட் போடுவது அவ்வளவு பயங்கரமான வேலையும் இல்லை. மொத்த நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் கிடைக்கும், 600க்கு 33.7 மி.மீ. மீதி நீளத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 300இல் வந்து நிற்க வேண்டும். நான் செய்த முதல் ஃப்ரெட் கித்தாரில் ஒவ்வொன்றையும் முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தேன். ஒவ்வொரு கோட்டிலும் பென்சில் முனை அளவு பிசகி, பன்னிரண்டாவதுக்கு வரும்போது 3 மி.மீ. தள்ளிவிட்டது. மெர்பாவ் என்கிற கெட்டி மரத்தில் நல்ல பலகை ஒன்று வீணானது. கணக்கைத் தாளில் போட்டுக்கொண்டு, எல்லாக் கோட்டையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள்.

மெர்பாவ் என்றேன். மெராந்தியில் நேராக ஃப்ரெட் அடிக்காதீர்கள், அது மென்மை, கம்பி பிடிக்காது. மேலே 5 மி.மீ. கெட்டி மரம் ஒட்டி அதில் வெட்டுங்கள். பிளவு சுமார் 0.6 மி.மீ. இருக்க வேண்டும், சாதாரண இரும்பறுக்கும் ரம்பம் அதைவிட அகலமாக அறுத்துவிடும், ஃப்ரெட் கம்பி ஆடும். ஃப்ரெட் கம்பி வாங்க முடியவில்லை என்றால் பழைய சைக்கிள் சக்கரக் கம்பியை நறுக்கி, அரைவட்டமாகப் பள்ளம் ராவி, எப்போக்ஸி போட்டு ஒட்டலாம். பார்க்க முரடாக இருக்கும், சுருதி நிற்கும். சரவாக்கின் சாப்பே வாத்தியத்தில் பழைய முறையில் தேன்மெழுகு வைத்துத்தான் ஃப்ரெட்டை ஒட்டினார்கள், தேவைக்கு நகர்த்தினார்கள். பயப்பட எதுவும் இல்லை.

பிரிட்ஜை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். கம்பியை அமுக்கும்போது அது இழுபட்டு ஸ்வரம் கொஞ்சம் ஏறும். அதனால் பிரிட்ஜை 600க்கு அப்பால் இரண்டு மூன்று மி.மீ. தள்ள வேண்டியிருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அமுக்கிய ஒலியும், அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் ஒன்றாகும்வரை நகர்த்துங்கள். நம் ஊர் ஈரத்தில் கழுத்து கொஞ்சம் வளையும். மழை மாதத்தில் திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குத் தை மாதம் புதுக் கழுத்து போட்டுக் கொடுத்தேன். பெட்டி அதேதான். ஒரு விரலை மூன்று கம்பிக்கும் குறுக்கே வைத்து ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளுக்கு மாறினாலே பாதிப் பாட்டுக்குத் துணை வாசிக்கலாம் என்று காட்டினேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். இப்போது அக்கா பாட, அவன் வாசிக்கிறான். போன வாரம் போனில், "மாமா, கம்பிய மேல தள்ளுனா அழுவுற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது என்ன?" என்று கேட்டான். நான் அதை அவனுக்குச் சொல்லித் தரவே இல்லை.

600 மி.மீ.க்கு எல்லா ஃப்ரெட்டும் குறித்த அளவுப் பலகை ஒன்று பட்டறையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குச் செய்ய நினைப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், அதே மாதிரி ஒன்று வெட்டித் தருகிறேன். காசு வேண்டாம். மெர்பாவ் துண்டு மட்டும் கொண்டுவாருங்கள், என்னிடம் தீர்ந்துவிட்டது.