மருந்துக்கு முன்னால் நர்ஸ் இருக்கிறார்

வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவியில்) இருக்கும் நோயாளிக்கு வரும் நுரையீரல் தொற்றான வென்டிலேட்டர் நிமோனியா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அது வந்துவிட்டால் எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று கட்டுரை விரிவாகச் சொல்கிறது, நல்லது. வராமல் தடுக்கும் நர்ஸிங் வேலைக்கு மட்டும் ஒரே வரியா? ஐசியூவில் வேலை பார்ப்பவள் என்பதால் வருத்தமாக இருக்கிறது.

கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும், சரி. ஆனால் நோயாளி மெல்லச் சறுக்கிக் கால்பக்கம் வந்துவிடுவார். கட்டில் உயர்ந்தே இருக்கும், நெஞ்சு தாழ்ந்திருக்கும். இரண்டு பேர் சேர்ந்துதான் மேலே ஏற்ற முடியும். மூச்சுக்குழாயில் செருகிய டியூப்பைச் சுற்றி கஃப் என்ற சிறு காற்றுப்பை இருக்கும்; அதன் அழுத்தம் 20க்கும் 30 செ.மீ. நீருக்கும் இடையில் இருக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் வேண்டும். அழுத்தம் குறைந்தால், கஃபுக்கு மேல் தேங்கிய எச்சில் நுரையீரலுக்குள் கசியும்.

அப்புறம் வாய்ச் சுத்தம். 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தவிர்த்து, பிரஷ்ஷால் பல் துலக்கவே சொல்கிறது. டியூப்பும் பிளாஸ்திரியும் அடைத்த வாயில் கடைவாய்ப்பல் வரை பிரஷ்ஷைக் கொண்டுபோக நேரமும் பொறுமையும் வேண்டும். ஒரு நர்ஸிடம் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளை ஒப்படைத்தால் இதெல்லாம் எப்படி நடக்கும்? கட்டுரையாளர் மருத்துவமனை நிர்வாகங்களிடம் இதைக் கேட்டு எழுத வேண்டும்.