வையை அழுததற்கு என்ன பெயர்?

அண்ணன் மகள் இந்த வருஷம் எஸ்.பி.எம். தேர்வில், அதாவது மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வில், தமிழ் இலக்கியம் எடுக்கிறாள். சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வரும்போது கேட்டாள்: "அத்தை, பின்னாடி நடக்கப்போறத முன்னாடியே ஜாடையா காட்டுறாங்களே, ஃபோர்ஷேடோயிங், அதுக்குத் தமிழ்ல என்ன?"

பின்னோக்கு உத்தி, அதாவது ஃபிளாஷ்பேக், அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதற்குத்தான் பெயர் இல்லை. புலனக் குழுவில், அதான் வாட்ஸ்அப்பில், கேட்டேன். 'முன்நிழல்' என்றார் ஒருவர். ஆங்கிலச் சொல்லுக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருந்தது. 'முன்னறிவிப்பு' என்றார் இன்னொருவர். எனக்குத் தண்ணீர்த் தடைதான் ஞாபகம் வந்தது. 'முன்னுணர்த்தல்' பரவாயில்லை. ஆனால் நிமித்தம் என்று ஒரு சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறதே! 'வேலை நிமித்தமாக' என்று எழுதி எழுதி, வரப்போவதைக் காட்டும் அறிகுறி என்ற அதன் இன்னொரு பொருளை மறந்துவிட்டோம். அப்புறம், சகுனம், நிமித்தம் என்றாலே மூடநம்பிக்கை என்று ஒரு கூச்சம் வேறு.

சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதையைப் பாருங்கள். கண்ணகிக்கு வரப்போவதைத் தெரிந்துகொண்டவள்போல வையை பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைக்கிறாள். கண்ணகியும் கோவலனுமோ 'புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு', இது வெறும் நீர் ஆறு இல்லை, பூ ஆறு என்று வியந்து கும்பிடுகிறார்கள்! ஆற்றைக் கடந்தால் மதுரைக் கோட்டைக் கொடிகள் 'வாரல்', வராதீர்கள் என்று கைகாட்டுகின்றன. எங்களுக்கு இதைத் தற்குறிப்பேற்ற அணி, இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது, என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு புள்ளி. சரிதான், அணிதான். ஆனால் அந்தக் கண்ணீர் யார் கண்ணுக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

நிமித்தத்திலேயே ஒரு வகைக்குத் தனிப்பெயர் உண்டு: விரிச்சி. தற்செயலாகக் காதில் விழும் சொல். முல்லைப்பாட்டில் நெல்லும் முல்லையும் தூவிக் காத்து நிற்கிறார்கள் முதிய பெண்கள். ஓர் ஆயர்மகள் தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம் 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்று அவர்களுக்கு அது போதும். கன்றுக்குச் சொன்ன ஆறுதல்தான்! என் பாட்டியும் வாசலில் யாராவது "போறேன்" என்றால் விடமாட்டார். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்பார்.

கோவலனும் சரியாகத்தான் சொன்னான். 'மாறி வருவன்', விற்றுவிட்டு வருகிறேன் என்று சிலம்போடு கிளம்பினான். எதிரே திமில் பெருத்த ஏறு வந்தது. அது கெட்ட நிமித்தம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. 'தன்குலம் அறியும் தகுதி அன்று ஆதலின்' என்கிறார் இளங்கோ. ஆயர்பாடியில் பிறந்த எந்தப் பிள்ளையும் பதறிப்போய்த் தடுத்திருக்கும். இவன் வணிகர் வீட்டுப் பிள்ளை, ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தான். அந்த ஏறு வந்தது அவனுக்காகவா, படிக்கிற நமக்காகத்தானே?

இதையெல்லாம் நேற்று ராத்திரி அவளிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி அத்தை, சோதனையில நிமித்தம்னு எழுதினா புள்ளி குடுப்பாங்களா?"

"பக்கத்துல அணின்னும் எழுதி வச்சிரு" என்றேன்.